தொட்டி முப்பத்தொன்று, சில்லர் இருபத்தைந்து

மீன் தொட்டித் தண்ணீரைக் குளிர வைக்கும் சில்லரைக் கழற்றிப் பூட்ட நான் உங்களுக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. அதெல்லாம் இப்போது உங்கள் கைபேசியிலேயே படம் படமாக வருகிறது. கேஸ் எவ்வளவு, ஃப்யூஸ் எது, எந்த ஆணியை முதலில் கழற்றுவது என்பதில் நீங்கள் என்னைவிடக் கெட்டிக்காரர்கள். நீங்கள் வேலை செய்யும் கடைக்கே வந்து பார்த்தவள், தெரிந்துதான் சொல்கிறேன்.

"விமலாக்கா, ரிட்டையர் ஆகிட்டீங்க, எங்களுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்க" என்று கேட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். பதினொரு வருஷம் ஜொகூர் தெப்ராவில் ஏர்கான் உதிரிபாகத் தொழிற்சாலை. அதை மூடியதும் ஒரு பழைய வேன், ஒரு கருவிப்பெட்டி, அதற்கப்புறம் வீடு வீடாக மீன் தொட்டி சில்லர் வேலை. இத்தனை வருஷத்தில் சரியாகச் செய்த வேலைகள் எதுவும் எனக்கு அவ்வளவாக ஞாபகத்தில் இல்லை. தப்பாகச் செய்த ஒன்றுதான் அப்படியே இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை போன் வந்தது. தெப்ராவில் ஒரு தாமானில், வரிசை வீட்டுக் குடியிருப்பில், வீடு. பேசியவர் பெயர் கனகேஸ்வரி. பள்ளிக்கூட அலுவலகத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். குரலில் அவசரம் இருந்தது, ஆனால் ஒவ்வொரு விவரத்தையும் வரிசையாகச் சொன்னார். வீட்டில் கடல் தண்ணீர்த் தொட்டி. நானூறு லிட்டர். இருபத்தைந்து, இருபத்தாறு டிகிரியில் இருக்க வேண்டியது, முப்பதைத் தொட்டுவிட்டது. நம் ஊர் வெயிலில் சில்லர் இல்லாமல் கடல் தொட்டி வைக்க முடியாது என்பது உங்களுக்குத் தெரியும். மீன் கொஞ்சம் தாங்கும். பவளம் தாங்காது.

போய் நின்றதும் கதவைத் திறந்தவர் என் முதுகுக்குப் பின்னால் எட்டிப் பார்த்தார்.

"உங்க வீட்டுக்காரர் வேன்லயா இருக்காரு?"

"அவரு பஸ் ஓட்டுறாரு அக்கா. சில்லர் நான்தான் பார்ப்பேன்."

"ஐயோ, மன்னிச்சிக்கோங்கம்மா, உள்ள வாங்க."

தொட்டி கூடத்தில், டிவிக்குப் பக்கத்துச் சுவரோரம் இருந்தது. நடுவில் சாப்பாட்டுத் தட்டு அகலத்துக்கு ஒரு பவளம். பச்சையும் ஊதாவுமாக நூற்றுக்கணக்கான விரல்கள் ஆட வேண்டியது, எல்லாம் பாதி சுருங்கிக் கிடந்தது. இரண்டு க்ளவுன் மீன்கள் அதன் ஓரமாகவே சுற்றிக்கொண்டிருந்தன.

"கட்டைவிரல் அளவுல வாங்கினாரு" என்றார் கனகேஸ்வரி அக்கா. "பதினாலு வருஷமாச்சு. எனக்கு இந்தத் தொட்டியைக் கண்டாலே ஆகாது. கரண்டு, சத்தம், தரையெல்லாம் தண்ணி. ஆனா இப்ப இதுக்கு ஒண்ணு ஆச்சுன்னா நான் அவர்கிட்ட என்ன சொல்லுவேன்?"

அவர் கணவர் யோகநாதன் சார் நில அளவை அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வெள்ளிக்கிழமை ஜொகூர் பாருவில் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். இதயத்தில் மூன்று இடத்தில் அடைப்பு. புதன்கிழமை காலையில் ஆபரேஷன். தினமும் அக்கா பார்க்கப் போகும்போது அவர் கேட்கும் முதல் கேள்வி, "டெம்பரேச்சர் எவ்வளவு?"

"நான் இருபத்தஞ்சுன்னு சொல்லிட்டு வர்றேன்" என்றார் அக்கா. "முப்பத்தஞ்சு வருஷக் கல்யாணத்துல அவர்கிட்ட பொய் சொன்னதில்ல. டாக்டர் டென்ஷன் கூடாதுன்னு சொல்லியிருக்காரு. என்ன செய்யறது?"

சில்லரைப் பார்த்தேன். அதன் முகப்பில் இருபத்தைந்து என்ற எண் ஒளிர்ந்தது. தொட்டியில் ஒட்டியிருந்த தெர்மாமீட்டர் முப்பது என்றது. என்னுடைய தெர்மாமீட்டரைப் போட்டேன். அதுவும் முப்பது. கம்ப்ரெசர் மூன்று நிமிஷம் ஓடியது, நின்றது. கொஞ்ச நேரம் கழித்து மறுபடி மூன்று நிமிஷம்.

இரண்டு எண்கள் ஒத்துப்போகவில்லை. ஒன்று பொய் சொல்கிறது என்று முடிவு கட்டினேன். தொட்டி பொய் சொல்லவில்லை, இரண்டு தெர்மாமீட்டர் சாட்சி இருக்கிறது. அப்படியானால் சில்லரின் சென்சார்தான் கெட்டுப்போயிருக்கிறது. தண்ணீர் ஓட்டத்தைப் பார்க்காமலில்லை. தொட்டிக்கு அடியில் உள்ள அலமாரியில் சில்லருக்கென்று ஒரு சின்ன பம்ப் இருந்தது. கையை விட்டுத் தொட்டேன். அதிர்ந்தது. பம்ப் ஓடுகிறது என்று திருப்திப்பட்டுக்கொண்டேன்.

சென்சாரை மாற்ற அரைமணி நேரத்துக்குக் கொஞ்சம் கூட ஆனது. மறுபடி கரண்டு கொடுத்ததும் முகப்பில் முப்பது என்று வந்தது. கம்ப்ரெசர் ஓட ஆரம்பித்தது.

"பாத்தீங்களா அக்கா? இப்பதான் உண்மையைக் காட்டுது. சாயந்திரத்துக்குள்ள இறங்கிடும்."

அக்கா கையெடுத்துக் கும்பிட்டார். ஆயர் ஈத்தாமில் ஒரு சாப்பாட்டுக் கடையில் குளிர்பெட்டி நின்றுபோயிருந்தது. அவர்கள் ஏற்கெனவே மூன்று முறை கூப்பிட்டுவிட்டார்கள். கருவிகளைப் பெட்டியில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

என் தப்பு அங்கேதான். சென்சார் மாற்றியது கூட இல்லை. பத்து நிமிஷம் உட்காராமல் கிளம்பினேன் பாருங்கள், அதுதான். உட்கார்ந்திருந்தால் அந்த முப்பது, இருபத்தைந்துக்கு இறங்குவதையும், கம்ப்ரெசர் நிற்பதையும், தொட்டியில் ஒரு புள்ளி கூட இறங்காமல் இருப்பதையும் என் கண்ணாலேயே பார்த்திருப்பேன்.

செவ்வாய்க்கிழமை காலை எட்டு மணிக்கு அக்கா மறுபடி கூப்பிட்டார்.

"விமலா, முப்பத்தொண்ணு."

ஒரு வார்த்தை திட்டவில்லை. அதுதான் எனக்கு அதிகமாக உறைத்தது.

போகும் வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன். புது சென்சார். அதுவும் இருபத்தைந்து காட்டுகிறது என்றார் அக்கா. அப்படியென்றால் சில்லரை இயக்கும் போர்டு போய்விட்டதா? அந்த மாடலுக்குப் போர்டு சிங்கப்பூரிலிருந்து வர வேண்டும். குறைந்தது மூன்று நாள். மறுநாள் காலையில் சாருக்கு ஆபரேஷன்.

வீட்டுக்குள் நுழைந்ததும் தொட்டியைப் பார்த்தேன். மேலே மினரல் வாட்டர் போத்தல்கள் ஆறு, ஐஸாக உறைந்தபடி மிதந்தன. டேபிள் ஃபேன் தண்ணீர்மேல் அடித்துக்கொண்டிருந்தது. லைட்டெல்லாம் அணைத்திருந்தது. அக்காவின் ஃப்ரீஸரில் இடம் போதாமல் பக்கத்து வீட்டு மலாய்க்காரம்மா காக் ரோஸ் தன் ஃப்ரீஸரையும் கொடுத்திருந்தார். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு முறை வேலிக்கு மேலே போத்தல் கைமாறிக்கொண்டிருந்தது. யாரும் அக்காவுக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. அவராகவே யோசித்துச் செய்தது. அது மட்டும் இல்லையென்றால் தொட்டி அன்றைக்கு முப்பத்துமூன்றில் இருந்திருக்கும்.

பவளம் முழுக்கச் சுருங்கி, ஓரத்தில் ஓர் இடம் வெளுத்திருந்தது.

"நாலரைக்கு விசிட்டிங்" என்றார் அக்கா. "நாளைக்குக் காலையில உள்ள கொண்டு போயிடுவாங்க. இன்னிக்கும் நான் இருபத்தஞ்சுன்னு சொல்லணுமா? என்னால முடியல விமலா. ஏதாவது செய்ங்க."

எனக்கு ஒரு வழி தெரியும். உங்களுக்கும் தெரியும். போர்டைத் தள்ளிவிட்டு கம்ப்ரெசருக்கு நேரடியாகக் கரண்டு கொடுப்பது. சென்சார் என்ன சொன்னாலும் அது நிற்காமல் குளிர வைக்கும். இரண்டு வயரைத் தோலுரித்துக் கையில் வைத்துக்கொண்டேன். இணைக்கப் பத்து விநாடி. வாசலில் காக் ரோஸ் இன்னும் இரண்டு போத்தலோடு நின்று, "போலே தா?" என்று, முடியுமா முடியாதா என்று கேட்டுக்கொண்டிருந்தார். அக்கா என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அந்த இடத்தில் என்னைத் தடுத்தது அறிவு அல்ல, பயம். ஞாயிற்றுக்கிழமை அவ்வளவு நிச்சயமாகச் சொல்லிவிட்டுப் போனேனே, இப்போதும் அதே நிச்சயத்தோடு கை நீளுகிறதே என்று ஒரு பயம். வயரைக் கீழே வைத்தேன். ஒரு நாற்காலி கேட்டேன்.

"உக்காரப் போறீங்களா?" என்றார் அக்கா. குரலில் முதல் தடவையாகக் கோபம்.

"பத்து நிமிஷம் அக்கா. ஞாயித்துக்கிழமை நான் உக்காரல. சரியாப் பார்க்காமலே போயிட்டேன். தப்பு என்னோடது. இன்னிக்குப் பார்த்துட்டுத்தான் கை வைப்பேன்."

அவர் போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து போட்டார். இன்னொன்றை எடுத்து வந்து தானும் பக்கத்தில் உட்கார்ந்தார்.

கம்ப்ரெசர் ஓடியது, நின்றது. ஓடியது, நின்றது. சில்லரின் உடம்பில் கை வைத்தேன். தண்ணீர் உள்ளே போகும் குழாயும் வெளியே வரும் குழாயும் கறுப்பு. உள்ளே ஒன்றும் தெரியாது.

"அக்கா, வெள்ளிக்கிழமையில இருந்து இந்த வீட்டுல என்ன மாறுச்சு? தொட்டியில மட்டும் இல்ல. எதுவா இருந்தாலும் சொல்லுங்க."

"என்ன மாறும்? அவர் இல்ல. வீடே அமைதியா இருக்கு." டிவி பக்கம் திரும்பினார். "டிவி நல்லாக் கேக்குது. எப்பவும் சத்தத்தைக் கூட்டி வச்சுத்தான் பார்ப்பேன். இப்பப் பாதிக்குக் குறைச்சாலும் கேக்குது. அவர் இல்லாததால அப்படித் தோணுதோன்னு நினைச்சுக்கிட்டேன்."

"தொட்டிக்கு அடியில என்ன சத்தம் வரும்?"

"கடகடன்னு தண்ணி ஊத்துற சத்தம். வருஷக்கணக்கா நான் அதைத்தான் சொல்லி சண்டை போட்டேன்."

நான் எழுந்து அலமாரிக் கதவைத் திறந்தேன். பெரிய பம்ப் ஒன்று தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றிக்கொண்டிருந்தது. அதனால்தான் மேலே எல்லாம் அசைந்து நன்றாகத் தெரிந்தது. சில்லருக்கு உள்ள சின்ன பம்பின் தண்ணீர் திரும்பி விழ வேண்டிய குழாய் வாயில் கையை நீட்டினேன். விரல் தடிப்புக்குப் பாய வேண்டிய தண்ணீர், நூல் மாதிரி ஒழுகிக்கொண்டிருந்தது.

இரண்டு எண்களுமே உண்மை சொல்லியிருக்கின்றன. சில்லர் தனக்குள் நின்றுபோன ஒரு கப் தண்ணீரை அளந்து, இருபத்தைந்து, என் வேலை முடிந்தது என்று ஓய்ந்திருக்கிறது. தொட்டித் தண்ணீர் அதனிடம் தேவையான அளவு போய்ச் சேரவே இல்லை. ஞாயிற்றுக்கிழமை நான் சென்சார் மாற்றிய நேரத்தில் அந்த ஒரு கப்பும் சூடாகி முப்பது காட்டியது. அதைத்தான் நான் என் வெற்றி என்று எடுத்துக்கொண்டேன். பம்ப் அதிர்ந்தது, உண்மை. ஆனால் பம்ப் ஓடுவது வேறு, தண்ணீர் ஓடுவது வேறு.

தரையில் கிடந்த இரண்டு வயரையும் பார்த்தேன். அதை இணைத்திருந்தால் அந்த ஒரு கப் தண்ணீர் உறைந்து, உள்ளே இருக்கும் சுருளை வெடிக்க வைத்திருக்கும். கேஸும் எண்ணெயும் தொட்டியில் கலந்து, பவளம் மீன் எல்லாம் ஒரு மணி நேரத்தில் முடிந்திருக்கும். என் கையாலேயே. இரண்டு வயரையும் சுருட்டிப் பெட்டிக்குள் போட்டேன்.

பம்பை நிறுத்திவிட்டுக் குழாயைக் கழற்றினேன். சில்லருக்குள் நுழையும் வளைவில், வருஷக்கணக்காக வளர்ந்த வெள்ளைப் புழுக்கூடுகள் சுண்ணாம்பு மாதிரி ஒட்டி, பாதை பென்சில் அகலத்துக்குக் குறுகியிருந்தது. அந்த ஓட்டையில் வடிகட்டும் பஞ்சு ஒரு கொத்து இறுகிச் சொருகியிருந்தது. நீள மூக்கு இடுக்கியால் இழுத்ததும் நீளமாக வந்தது.

அக்கா அதைப் பார்த்ததும் நாற்காலியைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தப் பஞ்சை நான்தான் மாத்தினேன். வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில இருந்து வந்ததும். அவர் பேப்பர்ல எழுதிக் கொடுத்தபடிதான் செஞ்சேன். நானா இதைச் செஞ்சேன் விமலா?"

இல்லை அக்கா என்று சொல்லியிருக்கலாம். வாடிக்கையாளரைச் சமாதானப்படுத்த நாம் எத்தனை பொய் சொல்கிறோம். ஆனால் அந்த வீட்டில் மூன்று நாளாகவே பொய் அதிகமாகிவிட்டிருந்தது.

"பஞ்சு நீங்க வச்சதுதான் அக்கா, பிரிஞ்சு பம்ப் வழியா உள்ள போயிருக்கு. ஆனா குழாய் பாதி அடைச்சு ரொம்ப வருஷமாச்சு. அதைச் சார் கவனிக்கல. ஞாயித்துக்கிழமையே நான் இதைக் கழட்டியிருக்கணும், கழட்டல. மூணு பேருக்கும் பங்கு இருக்கு."

அவர் புடவைத் தலைப்பைச் செருகிக்கொண்டு, "பிரஷ் எது? கொடுங்க" என்றார்.

குசினி சிங்க்கில் குழாயைப் போட்டு இரண்டு பேரும் சுரண்டினோம். காக் ரோஸ் வினிகர் போத்தலோடு வந்து சேர்ந்துகொண்டார். வளைவை ஊறவைத்துக் கழுவி, சில்லருக்குள்ளும் சுத்தமான தண்ணீரை இரண்டு முறை விட்டு அலசி, எல்லாவற்றையும் மாட்டும்போது பன்னிரண்டு மணி தாண்டிவிட்டது. பம்பைப் போட்டேன். அலமாரிக்குள் கடகடவென்று தண்ணீர் கொட்டியது. பக்கத்து அறைக்குக் கேட்கும் சத்தம்.

"அலமாக், இதான் சத்தம்!" என்றார் அக்கா. சிரித்தார், கூடவே அழுதார். காக் ரோஸ் அவர் தோளைப் பிடித்துக்கொண்டார்.

சில்லர் முகப்பு முப்பத்தொன்று என்று காட்டியது. தொட்டியும் முப்பத்தொன்று. இந்த முறை நான் நாற்காலியை விட்டு எழவில்லை. கம்ப்ரெசர் நிற்காமல் ஓடியது. ஒரு மணி நேரத்தில் முப்பது. அவசரமாகக் குளிர வைத்தாலும் பவளத்துக்கு ஆகாது, அதனால் ஐஸ் போத்தல்களை எடுத்துவிடச் சொன்னேன். நான்கு மணிக்கு இரண்டு எண்களும் கைகோர்த்தபடி இருபத்தேழு புள்ளி எட்டுக்கு வந்திருந்தன. பவளத்தின் நடுவில் நாலைந்து விரல்கள் மெதுவாக வெளியே நீண்டன. அக்கா கைபேசியில் படம் எடுத்தார். சரியாக வரும்வரை ஏழெட்டு முறை எடுத்தார்.

"என்கூட வாங்க விமலா. நான் சொன்னா நம்ப மாட்டாரு."

என் வேனிலேயே ஆஸ்பத்திரிக்குப் போனோம். யோகநாதன் சார் ஒல்லியான மனிதர். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். நாங்கள் கட்டிலருகே போனதும் வழக்கமான கேள்வியைக் கேட்டார்.

"டெம்பரேச்சர்?"

"இருபத்தேழு புள்ளி எட்டு" என்றார் அக்கா. "காலையில முப்பத்தொண்ணு இருந்துச்சு. மூணு நாளா நான் சொன்னதெல்லாம் பொய். சில்லர்ல தண்ணி போகல. பஞ்சு அடைச்சிடுச்சு, நான் வச்ச பஞ்சு. இவங்கதான் சரி பண்ணாங்க. பவளம் ஓரத்துல கொஞ்சம் போச்சு. மீதி உயிரோட இருக்கு." மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டு, கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

சார் முகத்தில் அதிர்ச்சி ஒன்றும் இல்லை. படத்தை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பார்த்தார்.

"பொய்னு எனக்குத் தெரியும் கனகா."

"எப்படி?"

"மூணு நாளும் இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு, இருபத்தஞ்சு. பதினாலு வருஷத்துல அந்தத் தொட்டி ஒரு நாளும் அப்படி நின்னதில்ல. இருபத்தஞ்சு புள்ளி மூணு இருக்கும், புள்ளி ஆறு இருக்கும். நான் வாழ்க்கை பூரா அளவெடுத்தவன். சுத்தமான எண்ணைக் கேட்டாலே சந்தேகம் வரும்." கைபேசியை அக்காவிடம் திருப்பிக் கொடுத்தார். "எல்லாம் செத்திருக்கும்னு முடிவு பண்ணிட்டேன்."

"அப்புறம் ஏங்க தினமும் கேட்டீங்க?"

"கேக்காம விட்டா, எனக்குத் தெரிஞ்சுபோச்சுன்னு நீ பயந்துடுவ."

அக்கா அவர் தலையில் கை வைத்தார். நான் வெளியே வந்து வராந்தாவில் நின்றுகொண்டேன்.

புதன்கிழமை மாலை அக்காவிடமிருந்து ஒரு செய்தி வந்தது. ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, கண் திறந்துவிட்டார் என்று எழுதியிருந்தார். ஆறு வாரம் கழித்து அவர்கள் வீட்டுக்குப் போனேன். வெளுத்திருந்த இடம் உதிர்ந்துவிட்டது. அதைச் சுற்றி மீதிப் பவளம் முழுக்க விரிந்து ஆடிக்கொண்டிருந்தது. சார் மெதுவாக நடந்து வந்து எனக்குக் கை கொடுத்தார். "என் பங்கு என்னன்னு கனகா சொல்லிட்டா" என்றார். "குழாயை நான் கழுவியிருக்கணும்."

உங்களுக்கு நான் சொல்ல வேண்டியது இவ்வளவுதான். வேலை முடிந்தது என்று நீங்கள் நினைத்த பிறகு பத்து நிமிஷம் அங்கேயே உட்காருங்கள். அடுத்த வாடிக்கையாளர் போன் அடித்தால் அடிக்கட்டும். அந்த வீட்டில் வாழ்கிறவரிடம் கேளுங்கள், முக்கியமாகத் தொட்டியைப் பிடிக்காதவரிடம். ஆசையோடு பார்க்கிறவர் மீனைப் பார்ப்பார். பிடிக்காதவருக்குத்தான் ஒவ்வொரு சத்தமும் தெரியும். தப்பு செய்தால் முதலில் உங்கள் தப்பைச் சொல்லுங்கள். நான் அன்றைக்கு அதைச் சொல்லாமல் இருந்திருந்தால் அக்கா என் பக்கத்தில் உட்கார்ந்திருக்க மாட்டார். டிவி நல்லாக் கேட்கிறது என்றும் சொல்லியிருக்க மாட்டார்.

அதற்கப்புறம் மூன்று மாதத்துக்கு ஒரு முறை குழாய் கழுவ அக்காவே கூப்பிடுவார். போய்ச் செய்து கொடுத்து, காபி குடித்துவிட்டு வருவேன். இரண்டு வருஷம் அப்படி ஓடியது. ஒரு நாள் காலையில் நான் சிம்பாங் ரெங்கத்தில் ஒரு வேலையில் இருக்கும்போது அவர் போன் வந்தது. தண்ணீர் கொட்டும் இரைச்சலில் பாதிதான் கேட்டது. ஏதோ உடைந்துவிட்டது என்று பயந்து, கையிலிருந்த ஸ்பேனரைக் கீழே போட்டேன்.

"என்னாச்சு அக்கா? கரண்டை அடைங்க!"

"ஒண்ணும் ஆகல லா! இந்தத் தடவை நீங்க வர வேணாம் விமலா. குழாயை நானே கழட்டிக் கழுவி நானே மாட்டிட்டேன். எவ்வளவு தண்ணி பாயுது தெரியுமா? புடவையெல்லாம் நனைஞ்சுபோச்சு!"

"சார் பக்கத்துல நின்னாரா?"

"அவரையா? கிட்ட வர விடல. கூடத்துல உக்காந்து டிவி பார்க்கச் சொல்லிட்டேன்."

பின்னாலிருந்து சாரின் குரல் கேட்டது. டிவி சத்தத்தைக் கூட்ட ரிமோட்டைக் கேட்டுக்கொண்டிருந்தார்.